கேட் ரெஜிஸ்டரில் இல்லாத செவ்வாய்க்கிழமை

சோலார் பராமரிப்பு என்றால் வெயிலில் நின்று செய்கிற வேலை என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி நேரம் நிழலில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதுகிற வேலை அது. மேலே இருப்பவருக்குக் காட்டுவதற்கென்றே நோட்டு எழுதிப் பழகியவர்களுக்கு, எந்தத் தொழிலில் இருந்தாலும், நான் சொல்வது புரியும்.

கூரை அவர்களுடையது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கூரையில் எங்கள் சோலார் தகடுகள் இருக்கின்றன. தகடு எங்களுடையது, கூரை அவர்களுடையது. அதில் வரும் மின்சாரத்தை இருபது வருஷம் அவர்கள் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். கூரையில் ஆள் ஏற வேண்டுமானால் ஒரு நாள் முன்னதாகக் கடிதம் கொடுக்க வேண்டும். அனுமதி வந்த பிறகு, ஏறுகிறவர் பெயரைக் கேட்டில் எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கடிதம் மேனேஜர் மேஜையில் நாலு நாள் கிடக்கும். அதற்குள் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் தூசி தகட்டில் படிந்து மின்சாரம் குறைந்துவிடும். திட்டு எங்களுக்கு.

அனுமதிக்குக் காத்திருக்காமல், பெயர் எழுதாமலே எங்கள் ஆளை ஏற விடச் சொல்லி வாட்ச்மேன் காதர் பாயிடம் ஒருநாள் கெஞ்சினேன். அனுமதி இல்லாமல் பெயர் எழுதினால் அவர் வேலை போய்விடும். தாடியைத் தடவிக்கொண்டார்.

"பேஜார் புடிச்ச வேலை சார் இது. சரி, உங்காளு ஏறட்டும். நான் எழுதல, நீங்க கேக்கல."

விடியாத நாட்கள்

தகடு துடைப்பவர் ஏசுதாஸ். அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து பஸ் மாறி வருவார். செவ்வாய்க்கிழமைதோறும் துடைக்க வேண்டும், துடைத்ததற்குக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அந்த ரெஜிஸ்டர் வேலூரில் எங்கள் ஆபீசில் இருந்தது. வாராவாரம் யார் தூக்கிக்கொண்டு அலைவது? மாதத்தின் முதல் செவ்வாயன்றே நாலு வாரத்துக்கும் சேர்த்து அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், இன்னும் விடியாத நாள்லகூட தொடச்சுட்டேனா?"

இரண்டாம் செவ்வாய்

அந்தக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். நடுநடுவே வெளிச்சத்துக்காகப் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருந்தார்கள். தூசி மூடினால் இரண்டும் ஒரே நிறம். அந்த மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று ஏசுதாஸ் பிளாஸ்டிக்கில் கால் வைத்துவிட்டார். கீழே கட்டிங் மேஜைகளுக்கு நடுவில் விழுந்தார். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பியிருந்தது. காதர் பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் கேட் ரெஜிஸ்டரை வாங்கி, பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நீட்டினார்.

"எங்க ரெஜிஸ்டர்படி இன்னைக்கு வெளியாள் யாரும் உள்ள வரல. இவர் யாரு, எதுக்கு ஏறினாருன்னே எங்களுக்குத் தெரியாது."

வார்டில்

ஏசுதாஸின் மனைவி ஸ்டெல்லா வேறொரு ஷூ கம்பெனியில் தைக்கிறவர். நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்தார். அனுமதியில்லாமல் ஏறினவர் என்றது ஷூ கம்பெனி. அனுமதி இல்லாத நாளில் நாங்கள் ஆள் அனுப்புவதே இல்லை என்றது என் கம்பெனி. அவர் அன்று எங்கள் வேலையாகத்தான் ஏறினார் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, துடைத்ததற்குக் கையெழுத்து வாங்கிய அந்த ரெஜிஸ்டர்.

விசாரணையில் அதைத் திறந்தார்கள். இரண்டாம் செவ்வாயில் கையெழுத்து இருந்தது. மூன்றிலும் நான்கிலும் இருந்தது.  விபத்துக்குப் பிந்தைய அந்த இரண்டு வரிகளில் ஷூ கம்பெனி வக்கீல் விரலை வைத்தார், அவ்வளவுதான். இரண்டாம் செவ்வாயும் சேர்ந்து பொய்யாகிவிட்டது. அன்று சாயங்காலம் வார்டுக்குப் போனேன். ஸ்டெல்லா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கட்டில்ல படுத்துக்கினே ரெண்டு வாரம் கூரை ஏறியிருக்காரு. நல்லா எழுதி வச்சீங்க சார்."

வாக்குமூலம்

பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டவன் நான், கையெழுத்தை முன்கூட்டியே வாங்கியவன் நான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். காதர் பாயும் கீழே கையெழுத்துப் போட்டார். மறுநாள் கேட்டில் வேறு ஆள் நின்றார். எனக்கும் ஆபீசுக்கு வர வேண்டாம் என்று போன் வந்தது. விசாரணை அதிகாரி இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து முடித்தார்.

"சரி, எழுதியிருக்கீங்க. இதுக்கு ரெக்கார்டு எதாவது இருக்கா?"

ஏழு வருஷம் நான் எழுதிய பொய்யையெல்லாம் அப்படியே நம்பியவர்கள், முதன்முதலாக எழுதிய உண்மைக்கு மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள்.