ஜாய்ஸ் மட்டும் வேண்டாம், ஆண்டவரே

ஆண்டவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரங்கள். என் பெயர் நிர்மலா. வீடு மறைமலைநகரில். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் என் உடம்பு பட்ட பாட்டையும், ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்ட விதத்தையும் சொல்ல வந்திருக்கிறேன். தூக்கிவிட யாரை அனுப்பினார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் எனக்கு மனச்சோர்வு வந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, அதை அடுப்பில் ஏற்றத் தெம்பில்லாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அப்படியே இருப்பேன். செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவர், அந்த அம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரைதான் என்னை எழுப்பி வேலைக்கு அனுப்பியது. அதைக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது. அதையும் ஆண்டவர் கொடுத்த உதவியாகத்தான் போட்டுக்கொண்டேன். மகள் பிளஸ் டூ வரும்வரை போட்டேன்.

அந்த வருஷங்களில் உடம்பு பெருத்துவிட்டது. மனசு ஒரே மட்டமாக இருந்தது. அழுகை வராது, பெரிய சிரிப்பும் வராது. யார்மேலும் கோபம்கூட நிலைக்காது. போன வருஷம் டாக்டர் அம்மா, "நல்லா இருக்கீங்க, இனிமே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். ஆனா நிறைய மாசம் ஆகும், அவசரப்படக் கூடாது" என்றார். எனக்குச் சந்தோஷம். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

இந்த இடத்தில் ஜாய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாய்ஸ் என் ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. கீழே மாமியாரோடு நாங்கள், மாடியில் அவர்கள். குழந்தை பிறந்ததும் அவளுக்கும் இதேபோல மனசு சரியில்லாமல் போய், வேறொரு டாக்டரிடம் மாத்திரை சாப்பிட்டாள். இரண்டே வருஷம். நான் குறைக்க ஆரம்பித்த அதே சமயம் அவள் டாக்டரும் அவளை நிறுத்தச் சொன்னார். அவள் ஒரு மாதத்தில் நிறுத்தினாள். தலைவலிகூட வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்கள் பெயர்களை வாசித்தார்கள். "மாத்திரையிலிருந்து விடுதலை தந்த தேவனுக்கு நன்றியாக, சகோதரி ஜாய்ஸ்." சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. போதகர் அம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருஷமாக மனசில் எதுவும் ஏறாமல் இருந்தவளுக்குள் முதலில் திரும்பி வந்தது சந்தோஷமும் இல்லை, சமாதானமும் இல்லை. பொறாமை. சுடச்சுட வந்தது. பட்டினியாகக் கிடந்தவள் சோற்றைப் பார்த்ததுபோல் அதை அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன்.

இவளுக்கு ஒரு மாதம், எனக்கு மட்டும் நிறைய மாதமா? மூத்த மருமகள் நான். இவள் பிறகு வந்தவள். வீட்டுக்கு வந்து டாக்டர் கொடுத்த கணக்கை ஓரமாக வைத்தேன். மிச்சம் இருந்த மாத்திரை அட்டையைத் துணிக்கடியில் தள்ளினேன். அன்றோடு நிறுத்தினேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து நானும் காணிக்கை கொடுப்பேன், என் பெயரையும் வாசிப்பார்கள், அதுதான் என் நினைப்பு.

இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டது. கண்ணை இந்தப் பக்கம் திருப்பினால் தலைக்குள் பளிச்சென்று கரண்ட் அடிக்கும். வலி இல்லை. ஆனால் அடித்த நொடியில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. வயிறு நிற்காமல் போனது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் ஜாக்கெட் நனைந்துவிடும். தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறினால் குமட்டும். கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பும்போது எனக்கு மட்டும் பஸ் திரும்பிக்கொண்டே இருக்கும்.

பக்கத்து சீட் லட்சுமி கேட்டாள். "இன்னா மேடம், மூஞ்செல்லாம் வேத்து ஊத்துது?"

"பங்குனி வெயில்ல வேர்க்காம இன்னா பண்ணும்?" என்றேன்.

டெஸ்பாட்சில் ஒரு லோடுக்குத் தப்பான சீட்டைப் போட்டு அனுப்பினேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பயம் வந்தது. ஆனால் டாக்டரிடம் போகவில்லை. போனால் மறுபடி மாத்திரை போடச் சொல்வார். போட்டால் ஜாய்ஸ் ஜெயித்துவிடுவாள்.

அவளோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். காலையில் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி நடக்கப் போவாள். அந்தக் காலடிச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமியார் வேறு, "ஜாய்ஸப் பாரு, காலேஜ் பொண்ணு கணக்கா ஆயிட்டா. நீ இன்னாடி இப்டி ஊதிக்கினே போற?" என்பார்.

ஒருநாள் அவள் ஒரு பச்சைச் சுடிதாரோடு கீழே வந்தாள். "அக்கா, இது எனக்கு லூசாப் பூட்ச்சு. புதுசுதான். நீ போட்டுக்கிறியா?"

நல்ல மனசோடுதான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். அவளுக்கு லூசாகப் போனது என் தோளிலேயே மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கையைத் தூக்கினபடி கண்ணாடி முன் நின்று ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, என் தலைச்சுற்றலை ஒரே ஒருநாள் அவளுக்குக் கொடும். ஒருநாள் போதும்." பரலோகத்தில் இந்த ஜெபத்தைக் கேட்டு என்ன நினைத்தார்களோ தெரியாது.

அப்போது லெந்து காலம். நான் உபவாசம் எடுத்தேன். காலையும் மத்தியானமும் தண்ணீர் மட்டும். சுகத்துக்காக என்று சபையில் சொன்னேன். ஒரு கண் ஆண்டவர்மேல், ஒரு கண் இடுப்புமேல். கரண்ட் அடிப்பது கூடியதே தவிர குறையவில்லை. "உமக்காகத்தானே பட்டினி கிடக்கிறேன்" என்று அவரிடமே சண்டை போட்டேன்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு லெந்து தியானத்துக்காக ஒரு வேன் பிடித்துப் போனோம். கடலை ஒட்டி ஒரு தியான இல்லம். காலைப் பிரசங்கம் முடிந்ததும் சாப்பாட்டுக்குப் பந்தி போட்டார்கள். சாம்பார் வாசனை குமட்டியது. யாருக்கும் தெரியாமல் பின்பக்கக் கதவால் மணலில் இறங்கி நடந்தேன். ஜாய்ஸ் நடக்கிறாளே, நான் நடக்க மாட்டேனா? நல்ல உச்சி வெயில். மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடம்வரை போனேன். கடலைப் பார்க்கலாம் என்று கண்ணைத் திருப்பினேன். பளிச், பளிச்சென்று தலைக்குள் விடாமல் அடித்தது. கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு படகின் ஓரத்தில் சரிந்து விழுந்தேன்.

எழுந்திருக்க முடியவில்லை. போன் பையில், பை பந்தி நடக்கும் இடத்தில். மூளையில் ஏதோ வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். என் மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. ஐயோ, இவளை இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறேனே! சத்தம் போட்டுப் பார்த்தேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அப்போது ஜெபம் பண்ணினேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, செத்துப்போகிறேன், யாரையாவது அனுப்பும்" என்றேன். சொல்லிவிட்டு, அந்த நிலைமையிலும் பாருங்கள், "ஜாய்ஸ் மட்டும் வேண்டாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மணலில் தடதடவென்று ஓடிவரும் காலடி கேட்டது. கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யக்கா! இங்க இன்னா பண்ற நீ? பந்தில உன்னக் காணோம்னு எங்கெல்லாம் தேடறது?"

"தல சுத்துது. நீ போ, நான் வர்றேன்."

"எப்டி வருவ, உருண்டுகினா? சாப்ட்டியா?"

"உபவாசம்."

"மாத்திரய ஒழுங்காக் குறைக்கிறியா?"

நான் கையில் ஒட்டிய மணலைத் தட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்டியே நிறுத்திட்டியா? அதான் ஒரு மாசமா பேய் அடிச்ச மாதிரி திரியறியா? இது ஜெபமா? உசுர வுடப் பாக்கறியா நீ?"

அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டாள். "அண்ணாத்த, இவங்கள நிழலுக்கு இட்டுனு போணும், அந்தப் பக்கம் புடிங்க." ஒரு ஆள் போதாது என்று அவர் இன்னொருவரையும் கூப்பிட்டார். அந்த அவமானத்தையும் ஆண்டவர் விட்டுவைக்கவில்லை. நிழலில் உட்காரவைத்து உப்புப் போட்ட மோரை என் வாயில் ஊற்றினாள். உபவாசம் முறிந்தது. கொஞ்ச நேரத்தில் தலைச்சுற்றல் அடங்கியது.

ஐக்கியத்தார் என்னைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சையில் காட்டினார்கள். மூளையில் ஒன்றும் இல்லை, வெயிலும் வெறும் வயிறும்தான் என்றார்கள். மாத்திரை கொடுத்த டாக்டரை உடனே பார்க்கச் சொன்னார்கள். அடுத்த நாளே ஜாய்ஸ் லீவு போட்டுவிட்டு என்னை ஸ்கூட்டரில் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள். பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். எவ்வளவு சின்ன இடுப்பு என்று வழியெல்லாம் எரிச்சல்.

டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ரெண்டு வருஷம் சாப்பிட்ட உடம்பும் இத்தனை வருஷம் சாப்பிட்ட உடம்பும் ஒண்ணா நிர்மலா? அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். உங்க தப்பும் இல்ல, அவங்க சாமர்த்தியமும் இல்ல" என்றார். மறுபடி மாத்திரையைத் தொடங்கி, முன்னைவிட மெதுவாகக் குறைக்கலாம் என்றார். நடுவில் உடம்பு மக்கர் பண்ணினால் அங்கேயே நிறுத்தி மூச்சுவிட்டு, பிறகு இறங்கலாம் என்றார்.

"அவங்க சாமர்த்தியமும் இல்ல." அந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஆண்டவர் என்னை அவ்வளவு தூரம் கூட்டிவந்தார் என்று நினைக்கிறேன். மாத்திரையை மறுபடி போட்ட அன்று தோற்றுவிட்டேன் என்று அழுதேன். அழுகிறேன் என்பதே பாதி அழுகைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வருஷம் ஆகிவிட்டது! நிறுத்த மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

என் வீட்டுக்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாய்ஸ் வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு முறை செங்கல்பட்டுக்குப் போகும்போதும் மாமியார், "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்பார். "துணி எடுக்கப் போறோம் அத்த" என்பாள். பொய் சொன்னதற்காகவே ஒரு நைட்டி வாங்க வேண்டியதாகிவிடும். ஆண்டவர் அவளை மன்னிப்பார். நைட்டிகள் எனக்குச் சரியாகத்தான் இருந்தன.

ஒரு வருஷம் போல ஆனது. இறங்கி, நின்று, இறங்கி, இப்போது மாத்திரை முழுவதும் நின்று சில மாதங்கள் ஆகின்றன. அரை மாத்திரைக்கு வரும்போதும், அதற்குக் கீழே வரும்போதும் தலையில் அந்தக் கரண்ட் எட்டிப் பார்த்தது. டாக்டர் சொன்னபடி நின்றேன், போய்விட்டது. வியர்வை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பெருத்த உடம்பில் பாதி இறங்கியது, பாதி என்னோடுதான் இருக்கும்போல் இருக்கிறது. பஸ் திரும்பினால் நானும் எல்லாரோடும் ஒரே முறைதான் திரும்புகிறேன். வேலை போகவில்லை. மகள் பரீட்சை எழுதிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பெயரை வாசிக்க வேண்டும் என்ற ஆசைக்காக நிறுத்தியவளை ஆண்டவர் பெயர் இல்லாமலே சுகப்படுத்தினார். அவருக்கு மகிமை.

இதைப் படிக்கிற அன்பானவர்களே, என் சாட்சியைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்தவர் சாட்சி அடுத்தவர் உடம்புக்கு. டாக்டரிடம் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நல்ல பிள்ளைமாதிரி நடித்து ஜெபித்ததெல்லாம் எனக்குப் பலிக்கவில்லை. பொறாமையும் பயமுமாக, நிபந்தனை போட்டுக் கத்தின அந்த ஒரு ஜெபத்தைத்தான் அவர் கேட்டார். நிபந்தனையைத் தள்ளிவிட்டு ஜெபத்தை எடுத்துக்கொண்டார். உங்களுக்கும் அப்படியே செய்வார். நம்பி வாருங்கள்.

ஜாய்ஸ், இதை நீயும் படிப்பாய். உன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். நாளைக் காலை நடக்கப் போகும்போது மெதுவாக நட, நானும் வருகிறேன்.