மஞ்சள் தடவிய நாற்பத்தெட்டு எண்கள்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்தக் காகிதம் வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்குக் கீழே ஒரு நாள் வைத்த பிறகுதான் பெட்டியில் போடுவேன். நிலப் பட்டா, ரேஷன் அட்டை, மகளின் மார்க் ஷீட் எல்லாம் அப்படி வைத்தவைதான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதை மற்றக் காகிதத்துக்கும் செய்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது, அன்றிலிருந்து செய்கிறேன்.

மகள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்தாள். குருவிநத்தம், ஏம்பலம், கரியமாணிக்கம் மூன்று ஊர்க் கிணறுகளிலும் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். கோடையிலும் அளந்தாள், மழை விட்ட பிறகும் அளந்தாள். ஒரு வருஷம் முழுக்கப் பையில் பாட்டில்களோடு வெயிலில் அலைந்தவள். அளந்ததெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. பஸ்ஸில் கொண்டுபோய் வருவதால், தொலைந்தாலும் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி அதற்கு உள்ளேயே பூட்டுப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் பூட்டைப் பற்றி அப்போதே எனக்கு விளக்கினாள். சாவி லேப்டாப்புக்குள்ளேயே ஒரு சின்னச் சில்லில் இருக்கிறது. தினமும் அது தானாகத் திறந்துகொடுக்கும். அந்தச் சில்லு போய்விட்டால் நாற்பத்தெட்டு எண் கொண்ட ஒரு நம்பரைப் போட்டால்தான் திறக்கும். அந்த நம்பரை நெட்டில் சேர்த்துவைக்க அவளுக்கு மனம் இல்லை. பாகூர் பிரவுசிங் சென்டரில் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். பத்திரமாக வை என்றாள்.

நானும் பத்திரமாகத்தான் வைத்தேன். தாளில் ஒரே ஒரு வரிதான் வேண்டியதாகத் தெரிந்தது. அந்த வரியை மட்டும் கத்தரித்துக்கொண்டு, மீதி வெள்ளைத்தாளில் மளிகைச் சாமான் எழுதினேன். விரல் அகலத் துண்டுக்கும் மூலை நான்குதானே. மஞ்சளைக் குழைத்து வைத்தேன், நடுவில் குங்குமம் வைத்தேன், மடித்து அம்மனுக்குக் கீழே செருகினேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் இடி இடித்தது. சார்ஜில் இருந்த லேப்டாப் அணைந்தது, பிறகு எழவே இல்லை. வில்லியனூரில் ஒரு கடையில் கொடுத்தோம். உள்ளே இருந்த போர்டு கருகிவிட்டது என்று வேறு போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் நீலத் திரையில் அந்த நாற்பத்தெட்டு எண்ணைக் கேட்டது. கல்லூரியில் ப்ராஜெக்டைக் காட்டி வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல இன்னும் மூன்று நாள்தான்.

துண்டை எடுத்துப் பிரித்தேன். பிரவுசிங் சென்டர் மை ஈரத்தில் ஊறிப் பரவியிருந்தது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. முதல் தொகுதியில் ஓர் எண்ணும் நடுவில் ஒரு தொகுதியில் ஓர் எண்ணும் இல்லை. கடைசித் தொகுதியில் பக்கத்துப் பக்கத்து எண் இரண்டு மஞ்சளோடு போய்விட்டன.

மகள் கத்தவில்லை. துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத இன்னாத்துக்கும்மா பூஜ பண்ண?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து வில்லியனூர் கடைக்குத்தான் போனேன். நீ போர்டை மாற்றியதால்தானே இப்படி என்று நான்கு பேர் முன்னால் கடைத் தம்பியைப் பேசிவிட்டேன். அவர் பழைய போர்டை எடுத்துவந்து கருகிய இடத்தைக் காட்டினார். "சாவி இதுலதாங்க்கா இருந்துச்சி. இது எரிஞ்சிபோச்சி. நான் இன்னா பண்றது?" என்றார். நான் கொண்டுபோன துண்டைப் பார்த்துவிட்டு, அதைத் தன்னாலும் சரிபண்ண முடியாது என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மனிடம் வேண்டிக்கொண்டே வந்தேன். என்ன வேண்டினேன் என்றால், தப்பு எப்படியாவது அந்தக் கடைக்காரர் மேலேயே இருக்கட்டும் என்று. இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது மகள் போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆறு எண் தொகுதியும் பதினொன்றால் மீதி இல்லாமல் வகுபடும்படிதான் அந்த நம்பரைச் செய்வார்களாம். மங்கின இடத்தில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை போட்டுப் போட்டு வகுத்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

"வகுக்க வேணாம்டி," என்றேன். "ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிப் பாரு."

"நீ கணக்குல எவ்ளோம்மா?"

"முப்பத்தெட்டு. ஆனா இது தெரியும்."

நடுத் தொகுதியை எடுத்துக்கொண்டேன். இரண்டு, ஆறு, மூன்று, பிறகு மங்கின எண், நான்கு, ஒன்று. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் இரண்டும் மூன்றும் நான்கும் ஒன்பது. இன்னொரு பக்கம் ஆறும் ஒன்றும் ஏழு, அதோடு மங்கினது. இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும், இல்லையென்றால் பதினொன்று வித்தியாசம் வர வேண்டும். இங்கே இரண்டைப் போட்டால் சமம். அவள் போனில் வகுத்துப் பார்த்தாள். மீதி இல்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முதல் தொகுதியும் அதே மாதிரி வந்தது.

கடைசித் தொகுதிதான் இழுத்தது. இரண்டு எண் மங்கியதால் ஒரே விடை வராது. பொருந்தக்கூடிய ஜோடிகளை வரிசையாக எழுதினோம், ஒன்பது வந்தன. நான் வாசிக்க அவள் தட்டினாள். தவறு, தவறு என்றே வந்தது. ஐந்தாவது ஜோடிக்குப் பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள். நான் போய்ச் சாமி விளக்கை ஏற்றலாமா என்று நினைத்தேன், ஏற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ஜோடியை வாசித்தேன். ஏழாவதில் திரை மாறியது.

அவள் முதலில் திறந்தது கரியமாணிக்கம் கிணற்றுப் பட்டியலை. கோடைக் கணக்கும் மழைக் கணக்கும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றினாள். ஒன்றை என்னிடம் நீட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "வேணாம், அப்பா கிட்டயே குடுக்கறேன்," என்றாள். அது நியாயம்தான்.

தேர்வு அன்று மத்தியானம் போன் செய்தாள். கரியமாணிக்கம் பற்றியே ரொம்ப நேரம் கேட்டார்களாம், தேர்வாளர்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நல்லது என்றார், மண்வெட்டியை வைக்காமல்.

அதற்கு மறுநாள் நான் மட்டும் வில்லியனூருக்குப் போனேன். கடையில் அன்றைக்கும் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன், தப்பு என்னுடையது, தம்பி. அவர் கையில் இருந்த ஸ்க்ரூவை மேஜையில் வைத்துவிட்டு, "நம்பர் கெடச்சிதாக்கா?" என்று கேட்டார்.