வெயிலில் காய்ந்த கடைசி பாட்டில்

தாவீது சார் வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஸ்பூனால் சாப்பிடுவார். மே மாதத்தில் வரும் அந்த நாளில், காலையில் புகையிலையை விரல்களால் உதிர்த்து பைப்பில் அடைப்பார். பிறகு சாயங்காலம் வரைக்கும் வலது கையைக் கழுவ மாட்டார். சாப்பாட்டுக்கு நடுவே நிறுத்தி, விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோவார். சமையலறை வாசலில் நின்று கன்னியம்மாள் இதைப் பல வருஷம் பார்த்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அவள் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். காலையில் சார் வீட்டுச் சமையல். மத்தியானத்துக்கு மேல் தன் ஒற்றை அறையில் உட்கார்ந்து தறிக்காரர்களுக்குத் தார் சுற்றுவாள், நாடாவில் போடுகிற சின்னக் குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. புருஷன் வீரன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான்.

சார் கப்பலில் இஞ்சின் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சகாயமேரி டீச்சர் இறந்துவிட்டார். மகள் லிடியா கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிகிற நேரம் பார்த்து போனில் பேசுவாள். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டு பவர்லூம் ஓடுகிற சத்தம்தான் அந்த வீட்டிலும் கேட்கும்.

வருகிறவர் ஒருவர்தான். கப்பலில் சாரோடு வேலை பார்த்த குப்புராஜ், தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்கு பஸ்ஸில் வருவார். கடைசிப் பயணத்தில் இருவரும் சேர்ந்து ஒரே ரகப் புகையிலையை வாங்கி, பதினைந்து சின்னக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, ரப்பர் வளையம் போட்ட மூடியால் இறுக்கி, சார் வீட்டு இருட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒன்று, மே மாதத்தில். இருவரும் சேர்ந்து இருந்தால்தான் திறப்பது என்று பேச்சு.

கன்னியம்மாள் வேலைக்கு வந்தது மூன்றாவது பாட்டில் திறந்த வருஷம். அப்போது புகை நாக்கைச் சுடுகிறது என்று குப்புராஜ் குறைப்பட்டுக்கொண்டார். சமையலறைக்கு வந்த வாசனையும் புது வைக்கோலின் காட்டமாக இருந்தது. நாலைந்து வருஷம் போனதும் அதில் உலர்ந்த திராட்சை வாசம் தட்டியது. பத்தாவது பாட்டிலைத் திறந்தபோது அவளுக்குப் பழம்புளி ஞாபகம் வந்தது. பானையில் அடைத்த புளி நாளாக ஆக கறுத்து, புளிப்பு இறங்கி, அடியில் ஒரு தித்திப்பு ஏறுமே, அது போல. இலையும் மஞ்சளிலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. புகை தொண்டையில் உறுத்தவில்லை.

“ஆளு அடங்கிட்டான்பா,” என்றார் குப்புராஜ், புகையிலையைப் பார்த்து.

“நீதான் இன்னும் அடங்கல,” என்றார் சார்.

பதினாலாவது பாட்டில் முடிந்த அன்று, புதிதாக இன்னொரு சரக்கு வாங்கி வைக்கலாமா என்று சார் மெல்லக் கேட்டார். குப்புராஜ் பிடி கொடுக்கவில்லை. “கடைசி பாட்டில் எப்படிக் கீதுன்னு பார்ப்போம். சொல்ற மாதிரி இருந்தா இன்னும் பதினஞ்சு போட்டு வைப்போம். இல்லாட்டி இந்த வயசுல பஸ் ஏறி வர்றதே பேஜாரு.”

அன்று சாயங்காலமே சார் லிடியாவுக்கு போன் செய்து, அந்த ரகம் இன்னும் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். ஞாயிறு அல்லாத ஒரு நாளில் அவராக மகளைக் கூப்பிட்டதை அன்றுதான் கன்னியம்மாள் பார்த்தாள்.

அடுத்த மே மாதம், குப்புராஜ் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, கண்புரை ஆபரேஷனுக்காக சார் வேலூர் போனார். மூன்று நாள் வீடு கன்னியம்மாள் பொறுப்பில். அலமாரியைத் துடைத்தவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். கண்ணாடிக்கு உள்ளே, இலையெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளை பூத்திருந்தது.

பூஞ்சை. சாரின் மங்கிய கண்ணுக்கு இது தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் இருக்கிற மனிதரிடம் போனில் எப்படிச் சொல்வது? துவரம்பருப்புக்கும் மிளகாய்க்கும் என்ன செய்வாளோ அதையே செய்தாள். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, புகையிலையைப் பரப்பி, காக்காய் கிளறாமல் பார்த்துக்கொள்ள, தனக்குக் குடை பிடித்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு மத்தியானம். சாயம் ஏற்றிய பட்டு நூலை நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்பது ஆரணியில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். புகையிலைக்கும் வெயில் ஆகாது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வாரி எடுத்தபோது இலை அப்பளமாக நொறுங்கியது. முகர்ந்தாள். பழம்புளி இல்லை, திராட்சை இல்லை. பதறிப்போய்க் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். வெள்ளை கரைந்துபோனது. பூஞ்சை தண்ணீரில் கரையுமா என்று அப்போதுதான் யோசித்தாள்.

எல்லாவற்றையும் திரும்ப பாட்டிலில் அடைத்து மூடினாள். சார் திரும்பி வந்த பிறகு, தினமும் காலையில் சொல்லிவிட நினைத்தாள். காப்பியை வைப்பாள், ஒரு நிமிஷம் நிற்பாள், திரும்பிவிடுவாள்.

குப்புராஜ் வந்தார். மூடியைத் திறந்ததும் இருவரும் முகர்ந்தார்கள். பற்ற வைத்து நாலு இழுப்பு இழுத்தபின் குப்புராஜ் பைப்பைக் கீழே வைத்தார்.

“வைக்கோல் கொளுத்தின மாதிரி கீது.”

“கண் ஆபரேஷன்ல மூக்கையும் எடுத்துட்டாங்களோன்னு பார்த்தேன்,” என்றார் சார். இருவரும் சிரிக்கவில்லை.

“பதினஞ்சு வருஷம் தாங்கல போல. போதும் தாவீது.”

கன்னியம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அப்படி வந்ததில்லை. “நான்தான் சார். வெள்ளையா பூத்துகினு இருந்துச்சு. வெயில்ல காய வச்சேன்.”

சார் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அது பூஞ்சை இல்லம்மா. சர்க்கரை. இலைக்குள்ள இருந்தது, இத்தனை வருஷத்துல மெதுவா மேல வந்துகினு இருந்திருக்கு.” குரல் உயரவில்லை. உடனே குப்புராஜ் பக்கம் திரும்பி, அப்படியானால் சரக்கு நன்றாகத்தான் இருந்தது, லிடியா புதிதாக அனுப்புவாள் என்றார். அவசர அவசரமாகச் சொன்னார்.

அவள் நல்லது நினைத்துத்தானே செய்தாள் என்று குப்புராஜ் கன்னியம்மாளைச் சமாதானப்படுத்தினார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டே சாரிடம் சொன்னார்: “நல்லா இருந்திருக்கும்னு இன்னாத்த வச்சு சொல்றது? நாக்குல படலியே.”

நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மே மாதம் வந்து போய்விட்டது. குப்புராஜ் வரவில்லை, முழங்கால் வலி என்று போனில் சொன்னார். புதுப் புகையிலை வாங்கவில்லை. சார் கன்னியம்மாளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவள் காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். அவர் தனியாகச் சாப்பிடுகிறார், எல்லா நாளும் கையால்.