கன்னத்தை உப்புங்க ஐயா

மாரியப்பன் அண்ணாச்சி இன்று விடியற்காலையில் போய்விட்டார். முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தவர். நேற்று மாலை வரைக்கும் கடையில் நின்றிருக்கிறார்... மாரடைப்பு.

என் பிரெண்ட்ஸ் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. மீதிப் பாதிப் பேருக்குக் கிருதாவை ஏற்றி இறக்கியவரே அவர்தான்.

அப்பா ஹார்பரில் ஃபோர்மேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் நேரே சலூன், கூடவே நானும். பெண் பிள்ளைக்குச் சலூனில் என்ன வேலை என்று அம்மா கத்துவாள். எனக்கு அங்கே சுற்றுகிற நாற்காலி இருந்தது, போதும்.

அப்பா முகத்தைப் பார்த்தே எந்தக் கப்பலில் வேலை என்று சொல்லிவிடுவார் அண்ணாச்சி. "இன்னைக்குக் கரிக் கப்பலா ஐயா? காதுக்குள்ளயே ஒரு டன் கெடக்கு."

அப்பா சிரிக்க மாட்டார். சிரித்தால் கத்தி பட்டுவிடும் என்று பயம். ஆனால் கத்தி கிட்டே வந்ததும் தானாகவே கன்னத்தை உப்பிக் கொடுப்பார். இடது, வலது, அப்புறம் தாடையைத் தூக்குவது... சொல்லவே வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் "ஏணியை இறக்குலே, கப்பல் கெளம்பிட்டு" என்று ஒரே கூச்சல், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் அப்படியே அடங்கிவிட்டார். கண் பாதி மூடி, சத்தமே இல்லாமல் படுத்திருந்தார்.

எங்களுக்கெல்லாம் அப்பாடா என்று இருந்தது.

விரல்கள் மட்டும் போர்வை மேல் ஓடிக்கொண்டே இருந்தன. வேம்பாரிலிருந்து பார்க்க வந்த அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணன் ஜெபமாலை சொல்லுதாவ. யாரும் தொந்தரவு பண்ணாதீய." நாங்களும் பயபக்தியோடு ஒதுங்கி நின்றோம்!

துபாயிலிருந்து தம்பி போனில், "வயசாயிட்டுல்லா அக்கா, இனி இப்படித்தான் இருப்பாவ" என்றான். நானும் மனதுக்குள் அப்பாவை வழியனுப்பத் தொடங்கிவிட்டேன்... இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் காலையில் அண்ணாச்சி தன் பையோடு வந்தார். ஐயாவைத் தாடியோடு பார்க்கச் சகிக்கவில்லையாம். நுரை போட்டார். கத்தியைக் கன்னத்தருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"கன்னத்தை உப்புங்க ஐயா."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மூன்று தடவை சொல்லியும் உப்பவில்லை.

"பாப்பா, ஐயா சரியில்ல." எனக்கு ஐம்பது வயது, அவருக்கு நான் பாப்பாதான். "தூங்கி வழிஞ்சாக்கூட கத்தி வந்தா உப்புவாவ. நாப்பது வருசமா பாக்கேன்."

"ஜெபம் சொல்லுதாவ அண்ணாச்சி..."

"இதா ஜெபம்? ஜெபமாலைன்னா விரல் மணி மணியா ஒரே பக்கமால்லா போகும்? ஐயா போர்வைய நூல் நூலா பிச்சுக்கிட்டுல்லா இருக்காவ. போ, டாக்டரம்மாவக் கூட்டிட்டு வா."

நுரை பூசிய முகத்தோடு அப்பாவை அவரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா கிழமைகளைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். சனி... வெள்ளி... அதோடு அப்பா போர்வைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு நாளா."

"அதுக்கு முன்னாடி?"

"தினமும் பேப்பர்ல குறுக்கெழுத்து போடுவாவ மேடம்."

"அப்போ இது வயசு இல்ல, டெலிரியம். உடம்புக்கு முடியாதப்போ திடீர்னு வர்ற மனக்குழப்பம். கத்தினா எல்லாரும் ஓடி வருவீங்க. இப்படி அமைதியா இருந்தா யாரும் கவனிக்கிறதில்ல."

யூரினில் இன்ஃபெக்‌ஷன். அதற்கு மருந்து ஆரம்பித்து, கூச்சல் போட்ட அன்று தொடங்கிய தூக்க மாத்திரையை நிறுத்தினார். கண்ணாடி எங்கே, காது மிஷின் எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் தொலைந்துவிடும் என்று இரண்டையும் வீட்டு பீரோவில் பூட்டி வைத்த புத்திசாலி நான்தான்.

பகலில் திரையைத் திறந்து வை, உட்கார வை, தண்ணீர் கொடு, என்ன நாள் என்ன நேரம் என்று சொல்லிக்கொண்டே இரு, தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும்... எல்லாவற்றையும் நான் பேப்பரில் எழுதிக்கொண்டேன். அண்ணாச்சி ஒன்றும் எழுதவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். மழிக்கத் தாடியே இருக்காது. ஆனாலும் நுரை போட்டு, பிளேடு மாட்டாத கத்தியை எடுப்பார்.

"ஐயா, நான் மாரியப்பன். இன்னைக்கு வியாழக்கிழமை, மணி எட்டு. ஆஸ்பத்திரில இருக்கிய, இடுப்புல ஆபரேசன். வெளிய கச்சான் காத்து போட்டு அடிக்கி, என் கடை போர்டு பறந்துட்டு. கன்னத்தை உப்புங்க."

அப்படி அவர் வந்த ஐந்தாவது நாள், சொல்வதற்கு முன்பே அப்பா இடது கன்னத்தை உப்பினார்.

அண்ணாச்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்பா முகத்தை இல்லை, தன் முகத்தை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் இந்த இரண்டு வருடமும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்கே வந்துவிடுவார். வாசலிலேயே குரல் வரும்... "இன்னைக்கு என்ன கிழமை ஐயா?" அப்பா, "ஒன் கல்யாணக் கிழமைலே" என்பார்.

இன்றைக்கும் சனிக்கிழமைதான். அப்பா குளிக்காமல், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. விரல்கள் துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தன. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"அப்பா... இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை. மணி எட்டே கால். மாரியப்பன் வரமாட்டான்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் வெளங்குதுளா. வெளங்குததுனாலதான் பேசாம இருக்கேன்."

போய் வாருங்கள் அண்ணாச்சி. அப்பா இன்னும் துண்டை எடுக்கவில்லை.