அப்ராவில் அவளோடு

இன்று லீவு. தேரா பஸ் ஸ்டாப்பில், ஊர் சுற்றிப் பார்க்க வந்த மதுரைத் தம்பதி பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, நாலு நாளுதான் இருக்கோம். துபாய்ல எதைப் பாக்கலாம்?" என்றார் கணவர்.

கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டேன். முதலில் அப்ரா படகில் அக்கரைக்குப் போங்கள். வெயில் தாழ்ந்தபின் ஜுமைரா கடற்கரை. முழங்கால் வலி இருந்தால் அங்கே எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்பதுவரை சொன்னேன்.

அவர் மனைவி சிரித்தார். "அக்காவ எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போயிருக்கீங்க போல."

"ஆமாம்மா. அப்ராதான் அவளுக்கு ரொம்பப் பிடிச்சுது."

என் மனைவி இங்கே வந்ததே இல்லை. லேபர் கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஒரே ரூமில் இருப்பவன் எங்கே கூட்டி வருவது? ஒன்பது வருடமாக லீவு நாட்களில் தனியாகப் போய், அவளுக்காகப் பார்த்து வைத்த இடங்கள் அவை. முழங்கால் வலியும் அவளுக்குத்தான்.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு அவளிடம் இதைச் சொன்னேன்.

"எனக்குப் படகுன்னா பயம்ங்க" என்றாள்.

ஒன்பது வருடத்தில் இதை நான் கேட்கவே இல்லை.

படகு ஏறாமல் அவளை அக்கரைக்குக் கூட்டிப்போக நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமில்லை.