ஊட்டாண்ட ஒரு ஊட்டி

மூன்று வருடமாக என் மனைவி செல்விக்கு ஊட்டியைக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்வதில் நான் கெட்டிக்காரன். இந்த மார்கழியிலும் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகப்பேரிலிருந்து கிளம்பி அரை நாளில் எவ்வளவு பச்சை பார்க்க முடியும் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு இது வெறும் ஊர் சுற்றும் ஆசை இல்லை. ஆகஸ்டில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து செல்விக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. இரண்டு மாதம் எதிர் பிளாக்கின் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது, இனித் தடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் தடியை விடவில்லை. குளியலறைக்குக்கூடத் தடிதான். "மறுபடி விழுந்துட்டா?" என்பாள்.

பிசியோதெரபிக்கு அவளை அழைத்துப் போய் வந்தது ஏகாம்பரத்தின் ஆட்டோ. ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டைக்காரர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒருநாள் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "லீவு இல்லன்னா இன்னா சார்? ஞாயித்துக்கெயம நம்ம ஊட்டாண்ட வாங்க. பச்சப் பசேல்னு கீது. காத்தால பனி கொட்டும்."

சரி என்றேன். ஆட்டோ இரைச்சலில் பக்கத்தில் இருந்த செல்வியும் கேட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது. சனிக்கிழமை பரணிலிருந்து ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் எடுக்கச் சொன்னாள். மார்கழிக் குளிர்தானே என்று எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை 5.45க்குப் புறப்பட்டோம். அம்பத்தூர் எஸ்டேட் தூங்கிக்கொண்டிருந்தது. திருமுல்லைவாயிலில் வாசலுக்கு வாசல் ஈரக் கோலம். 6.15க்கு ஆவடியில் டீ, ஒன்று 15 ரூபாய். மறுபடி கிளம்பியதும் செல்வி என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, ஸ்டேஷன் பின்னால போயிட்டுல்லா? கோயம்புத்தூர் ரயிலு எங்க ஏறணும்?"

"கோயம்புத்தூருக்கு எதுக்கு?"

"ஊட்டிக்குப் போகத்தான். இவுகதான ஊட்டின்னு சொன்னாக?"

ஏகாம்பரம் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "ஐயோ, ஊட்டி இல்லம்மா. ஊட்டாண்ட! என் ஊட்டுப் பக்கத்துல."

இங்கே ஊடு என்றால் வீடு, ஆண்ட என்றால் பக்கத்தில், கீது என்றால் இருக்கிறது. ஒன்பது வருடம் முகப்பேரில் இருந்தும் தென்காசிக்காரிக்கு அது பிடிபடவில்லை. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. செல்வி தடியை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். நாலாவது முறையும் ஏமாற்றிவிட்டேன்.

"திரும்பிப் போயிருவமா?" என்றேன்.

"வந்தது வந்தாச்சு" என்றாள்.

6.40க்கு ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் இறங்கினோம். முகப்பேரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். வீட்டின் பின்பக்கம் செல்விக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சுவர் முடிந்த இடத்தில் வயல் தொடங்கியது. அதற்கப்புறம் வயல்தான், கண்ணுக்கு எட்டிய வரை. முழங்கால் உயர நெற்பயிர், தாள் நுனியெல்லாம் பனித்துளி. பனிமூட்டம் இடுப்பளவுக்கு இறங்கி நிற்க, தூரத்துப் பனைமரங்களுக்கு அடிமரமே இல்லை, தலை மட்டும்தான். வெயிலின் முதல் கீற்று விழுந்தபோது பயிர் முழுவதும் ஒரே நேரத்தில் மினுங்கியது. அதுவரை வெள்ளைக் கல் என்று நினைத்தவை எல்லாம் கொக்குகளாக எழுந்து பறந்தன. இந்த ஆவடியை எத்தனை முறை ரயிலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தாண்டியிருக்கிறேன்!

எவ்வளவு நேரம் நின்றேனோ, திரும்பினால் நாற்காலி காலி. தடி சுவரில் சாய்ந்திருந்தது.

செல்வி இருபதடி தள்ளி வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். நல்ல அகலமான வரப்புதான். இருந்தாலும் எனக்கு உயிரே போய்விட்டது. குல்லாவோடு, கைகளைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு, கொக்குகள் போன திசையைப் பார்த்தபடி நடந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்டாத சார். திரும்பிப் பாத்தா அம்மா பயந்துடும்."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஏழு மணிக்குள் போய்விடுங்கள், எட்டரைக்கு மேல் பனி இருக்காது. மார்கழி கடைசி வரை பச்சை நிற்கும், பிறகு அறுப்பு. வரப்பில் இறங்குமுன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆட்டோவுக்குப் போக வர, காத்திருப்போடு 900 ரூபாய் கொடுத்தோம். ஸ்வெட்டர் தேவையில்லை, ஆனால் செல்வி கழற்றவே இல்லை.

ஒன்பது மணிக்குத் திரும்பும்போது, ஆவடி தாண்டிய பிறகுதான் கவனித்தேன். அவள் கை வெறுமனே மடியில் கிடந்தது.

"செல்வி, தடி எங்க?"

ஏகாம்பரமும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். செல்வி குல்லாவைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல் சொன்னாள்:

"ஊட்டாண்ட கீது."