இளையவனை உட்காரவைத்து வரைந்த படம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் நான் தூரிகையால் பிழைத்தேன். மீன்பிடி வள்ளங்களின் முன்பக்கத்தில் பெயரும் சிலுவையும் எழுதுவேன். கடைப் பலகைகளும் எழுதுவேன். ஆனால் நிலையான வருமானம் இறந்தவர்களின் படத்தில்தான் வந்தது. ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, ஸ்டுடியோக்காரரை அழைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். அதை நான் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, மூடிய கண்களைத் திறந்தபடி வரைந்து கொடுப்பேன். படம் வரைந்து கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. “கண்ணத் தொறந்து குடுங்க” என்றுதான் கேட்பார்கள்.

கடற்கரையில் திறமைக்கு முன்னால் கைராசி பார்ப்பார்கள். நான் பெயர் எழுதிய ஒரு வள்ளம் முதல் தடவை கடலுக்குப் போனபோதே மீன் நிறையக் கொண்டுவந்ததால், என் கைக்கு ராசி உண்டு என்று பேச்சு. அதை நான் நம்பவில்லை. மறுக்கவும் இல்லை. அந்தப் பேச்சில்தான் வீட்டில் உலை வைத்தோம்.

சங்கு குளிக்கும் பருவத்தில் ஒரு விதவையின் மூத்த மகன் கடலுக்குள் இறங்கியவன் மேலே வரவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அவனைப் புகைப்படம் எடுத்ததே இல்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் படம் வேண்டும் என்று அந்த அம்மாள் தன் இளைய மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவனும் சங்கு குளிப்பவன்தான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே சாடைய்யா. இவன வச்சு எழுதும். வித்தியாசத்த நான் சொல்லுதேன்” என்றார்.

இளையவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். “அண்ணாச்சி, எனக்குக் கண்ணு தொறந்துதான் இருக்கு. ஒங்களுக்கு வேல மிச்சம்” என்றான். தாய் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூத்தவனுக்கு மூக்கு இன்னும் சப்பை, நெற்றி குறுகல், இடது புருவத்தில் ஒரு வெட்டு என்று அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன். பிறகு அவர் சொல்வது மாறத் தொடங்கியது. சப்பை என்ற மூக்கைக் கூர் என்றார். வெட்டு வலது புருவத்தில் என்றார். இளையவனையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அழுதார்.

“மூத்தவன் மொகம் வரமாட்டேங்கு. இவந்தான் வாரான்.”

எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து வரைந்து முடித்தேன். வேறு வழி இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பூசை முடிந்து படத்துக்கு மாலை போட்டார்கள். கூட்டத்தில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, “ஏளா, உசுரோட நிக்கவனுக்கா மால போட்ட?” என்று கத்தினாள். எல்லோரும் படத்தையும் இளையவனையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவன் அப்போது பந்தலில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தான். தாய் ஓடிப்போய் மாலையைப் பிய்த்து எறிந்தார்.

மறுநாள் வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. “ஏலே, நீ படத்துல ஏறிட்ட. என் வள்ளத்துல ஏறாத” என்றாராம். இளையவன் என்னிடம் வந்தான். இந்த முறை சிரிப்பில்லை.

“அண்ணாச்சி, அது நான் இல்லன்னு ஆக்கிருங்க. மூக்க நசுக்குங்க, மீசய வைங்க, என்னமும் செய்யுங்க. சம்மாட்டி வந்து பாக்கட்டும்.”

அவர்கள் வீட்டிலேயே வைத்துத் திருத்தினேன். மூக்கை அகலமாக்கினேன், தடித்த மீசை வைத்தேன். தாய் வந்து பார்த்தார். “இது ரெண்டு பேருமே இல்லையே” என்று சொல்லிப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். சம்மாட்டி வந்து பார்க்கவே இல்லை. இளையவன் உப்பளத்தில் கூலிக்குப் போனான்.

என் கைராசி கெட்டது என்ற பேச்சு அவன் உப்பளத்துக்குப் போகும் முன்பே ஊரைச் சுற்றிவிட்டது. புது வள்ளம் இறக்கியவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். பாதி எழுதிய பலகையை ஒரு கடைக்காரர் பாதியிலேயே இறக்கிக்கொண்டார். என் மனைவி, “இனி டர்ப்பண்டைனத்தான் குடிக்கணும் போல. சோறு எங்கன இருந்து வரும்?” என்றாள். அவள் வயிற்றில் அப்போது எங்கள் முதல் குழந்தை.

கைராசி கேட்காத வேலை எது என்று யோசித்ததில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைதான் தெரிந்தது. அதற்கு அரசாங்க ஓவியத் தேர்வுகள் எழுதவேண்டும். அரைக்கால்சட்டைப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் முறை தோற்றேன். அளவுகோல் இல்லாமல் வெறுங்கையால் வரையவேண்டிய தாளில், பழக்கதோஷத்தில் மெல்லிய கட்டங்கள் போட்டுவிட்டேன். அழித்த தடம் தெரிந்தது. அடுத்த முறை, அளவுகோல் பிடித்துப் பழகிய இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு கையாலேயே எழுதித் தேறினேன். பயிற்சிச் சான்றிதழும் வாங்கினேன்.

சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் நேர்காணல். கடல் காற்று எட்டாத, செம்மண் பறக்கும் ஊர். வள்ளமும் இல்லை, சம்மாட்டியும் இல்லை என்ற நிம்மதியோடுதான் போனேன். தலைமையாசிரியர் தாள்களைப் பார்த்துவிட்டு, “பானை, பூவெல்லாம் யாரும் போடுவாங்க. ஆள் படம் வருமா? இந்தா இருக்கேன், என்னையே போடுங்க பாப்போம்” என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உயிரோடு இருப்பவரை எதிரில் உட்காரவைத்து நான் கடைசியாக வரைந்தது அந்த இளையவனைத்தான். மறுத்தால் வேலை இல்லை. வெளியே வேறு மூன்று பேர் காத்திருந்தார்கள். பென்சிலைச் சீவிச் சீவி நேரம் கடத்தினேன். “என்ன, அவ்வளவு கஷ்டமான மூஞ்சியா?” என்றார். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். வரைந்தேன். கண்களைக் கடைசியில் போட்டேன். உயிருள்ள கண்களைப் பார்த்துப் போட்டபோதும், திறந்துவைப்பது போலத்தான் கை போனது.

படம் அவருக்குப் பிடித்துவிட்டது. அன்றே வேலை உறுதியானது. அதைச் சட்டம் போட்டுத் தம் அறைச் சுவரில் மாட்டினார்.

தூத்துக்குடியில் மற்றவர்கள் சொன்னபோது நான் நம்பாத கைராசியை, அந்தச் செம்மண் ஊருக்கு வந்தபின் நம்பத் தொடங்கினேன். காலை ஜெபக்கூட்டத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் முன் தலைமையாசிரியர் தம் இடத்தில் நிற்கிறாரா என்று பார்ப்பேன். அவருக்கு இருமல் இருந்தது, பீடி இருமல். எல்லா ஆசிரியர்களும் கேட்டுப் பழகியதுதான். ஆனால் அவர் வரத் தாமதமான நாட்களில், அவர் இருமல் வராந்தாவில் கேட்கும்வரை, கரும்பலகையில் எனக்கு ஒரு பானையின் விளிம்புகூட ஒழுங்காக வரவில்லை.